பல் விழுந்த மத்தங்காய்

என் வயதுக்காரர்களே, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிப்பவர்களே, இது உங்களுக்குத்தான். பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். என் மகள் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனைக் கழற்றிக் கேட்டாள். "அந்த ஆண்டிக்கு ஏதோ மனசுப் பிரச்சினை இருந்திருக்கும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். ஒரு வரியில் முடிகிற விஷயம் என்றால், எரிசேரிக் கூட்டு வைக்கிற வீட்டு விருந்துக்கு இன்றுவரை நான் போகாமல் இருப்பேனா? பூசணிக்காயை எங்கள் பக்கம் மத்தங்காய் என்போம்; அது வேகிற வாசனை வந்தாலே நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

எனக்கு ஏழு வயது. கோடை விடுமுறை. பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகிற வழியில் எங்கள் வீடு. அம்மா ஆஸ்பத்திரியில் அட்டெண்டர். காலை ஏழுமணி பஸ்ஸில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அப்பா மஸ்கட்டில். என்னைப் பார்த்துக்கொண்டது சித்தி, அம்மாவின் தங்கை. இருபத்திரண்டு வயது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டு இரண்டு வருஷமாக வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தலை வாரிவிடுவதும் சோறு ஊட்டுவதும் அவள்தான். ராத்திரி அவள் வயிற்றில் கால் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அந்தச் சித்திக்கு அமெரிக்கா போக ஒரு வழி திறந்தது.

திறந்தவளை ஊரே அமெரிக்கா ஆண்டி என்றுதான் அழைக்கும். ரப்பர் தோட்டத்துக்குள் போகிற பாதையின் கடைசி வீடு அவளுடையது. ரப்பர் ஷீட் காயப்போட்ட புளித்த வாடை அந்த வீட்டுச் சுவர்வரை ஊறியிருக்கும். வீட்டுக்குள்ளும் வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நடப்பாள். நாலு வருஷம் அமெரிக்காவில் இருந்தவள், கெட்டிக்காரி, பொறுப்பானவள் என்று ஊரில் பேச்சு. "ஓ பேர்" என்ற சொல்லை நான் அவள் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். ஒரு வருஷம் அங்கே ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு அந்தப் பெயர். ஆண்டிக்கு அங்கே சில குடும்பங்களைத் தெரியும். 'இந்தப் பெண் நல்லவள், அனுப்பலாம்' என்று அவள் ஒரு கடிதம் எழுதினால் டிக்கெட் வரும். எழுதாவிட்டால் வராது. அந்தக் கோடையில் அந்தக் கடிதத்துக்காக மூன்று பெண்கள் அவளிடம் பயிற்சிக்குப் போனார்கள். சித்தி மூன்றில் ஒருத்தி.

முதல் நாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆண்டி என் தாடையைப் பிடித்தாள்.

"வாயத் தொறக்கணும் மக்கா."

திறந்தேன். மேல்வரிசை முன்பல் ஒன்று ஒரு வாரத்துக்கு முன்புதான் விழுந்திருந்தது. அந்த ஓட்டையை ஆண்டி வெகுநேரம் பார்த்தாள். பிறகு சித்தியிடம் சொன்னாள்.

"இவளயும் தெனமும் கூட்டிட்டு வரணும், கேட்டியா. பிள்ளை இல்லாம பிள்ளை நோக்கப் படிக்க முடியாதில்லா?"

அன்று முதல் நான் அமெரிக்கக் குழந்தை. ஆண்டி அங்கே பார்த்துக்கொண்ட குழந்தையின் பெயரையே எனக்கு வைத்தாள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், ஏன் என்று கேட்காதீர்கள். அந்த வீட்டு வாசலைத் தாண்டினால் என் சொந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்பது சட்டம். சித்திகூடச் சொல்லக்கூடாது.

உள்ளறையில் எனக்கென்று ஒரு கட்டில் இருந்தது. பூப்போட்ட விரிப்பு, ஒரு நிலைக்கண்ணாடி அலமாரி, தலையணைக்குப் பக்கத்தில் ஒரு கரடிப் பொம்மை. கரடியின் ஒரு காது கடித்துக் கடித்து நைந்திருந்தது. அது அமெரிக்காவிலிருந்து வந்த பொம்மை இல்லை. நெய்யாற்றின்கரைக் கடையில் வாங்கியதாக ஆண்டியே சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பிள்ளைகள் கிடையாது. புதிதாக வாங்கிய பொம்மையின் காதை யார் கடித்திருப்பார்கள் என்ற கேள்வி அன்று எனக்கு வரவில்லை. இப்போது வந்து என்ன பிரயோஜனம்?

பாடங்கள் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தன. மேசையில் உட்கார்ந்த பெண்களிடம் ஆண்டி, "இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று இங்கிலீஷில் கேட்பாள். நம் ஊர்ப் பெண்கள் உடனே வேண்டாம் என்பார்கள். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை அவர்கள் தட்டில் போட்டுவிட்டால் சாப்பிடுவதுதானே நமக்குத் தெரிந்த மரியாதை? ஆண்டி பாத்திரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

"அங்க ஒரு தடவதான் கேப்பாவ. வேணும்னா வேணும்னு சொல்லணும். இல்லைன்னா பட்டினிதான். நீங்க வேலைக்காரியும் இல்ல, வீட்டாளும் இல்ல. அதுக்க நடுவுல ஒரு நாற்காலி உண்டு. அதுல இருக்கப் படிக்கணும்."

சித்தி அந்த நாற்காலியில் நன்றாகவே உட்காரக் கற்றுக்கொண்டாள். மூன்று பேரில் அவள்தான் முதல். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷில் நன்றி சொல்லிப் பழகுவாள். வெளியே நின்று கேட்பேன். அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக வேறு யாருடைய குரலாகவோ ஆகிக்கொண்டு வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் சோறு ஆனதும் ராத்திரி வரும். கூடத்துக் கடிகாரத்தின் முள்ளை ஆண்டி எட்டுக்குத் திருப்பிவைப்பாள். சன்னல்களை அடைத்துக் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிடுவாள். வெளியே காகம் கத்தும், தோட்டத்தில் யாரோ ரப்பர்பால் வாளியை வைக்கிற சத்தம் கேட்கும். உள்ளே ராத்திரி. பெண்கள் முறை வைத்து என்னைத் தூங்கப் போடவேண்டும். கதை வாசித்து, விளக்கணைத்து, கடைசியில் அலமாரிக்கும் ஒரு குட்நைட் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் குழந்தைக்கு அலமாரி என்றால் பேடி, அப்படியொரு பயம். ஆண்டி இருட்டில் வாசற்படியில் நின்று திருத்திக்கொண்டே இருப்பாள்.

"அவ இடது காலு சாக்ஸ கழற்றிப் போடுவா. அத திரும்பப் போட்டு விடப்பிடாது."

"அவ செவரப் பாத்துத்தான் திரும்பிக் கிடப்பா."

எல்லோரும் போன பிறகு கட்டிலருகே வந்து மலையாளத்தில் மெதுவாகக் கேட்பாள்: "மோளே, உறங்கியோ?" நான் மூச்சை அடக்கிக் கிடப்பேன். பதிலுக்காக அவள் ரொம்ப நேரம் நிற்பாள்.

பத்து நாளில் இடது சாக்ஸை நானே கழற்ற ஆரம்பித்தேன். யாரும் சொல்லாமலே சுவர் பக்கம் திரும்பினேன். வீட்டில் தோசையின் ஓரத்தைப் பிய்த்து ஒதுக்கிவைத்தேன், அந்தக் குழந்தை ரொட்டியின் ஓரத்தைத் தின்னாது என்பதால். அம்மாவுக்கு ஒரே பெருமை. "இங்கிலீஷ் ஸ்டைலாக்கும்" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். பாவம், எட்டு மணிநேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவள் வேறு என்னதான் நினைப்பாள்?

பண்டிகைகளும் பாடத்தில் உண்டு. நன்றி சொல்லும் பண்டிகைக்கு வான்கோழி கிடைக்காமல் ஒரு தாரா வாத்தை அறுத்தோம். சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு நன்றி சொன்னோம். வியர்வை ஒழுகுகிற மே மாதத்தில் தலையணைப் பஞ்சைப் பிய்த்துச் சவுக்குக் கிளையில் பனி போட்டுக் கிறிஸ்துமஸ் கொண்டாடினோம். முறைப்படி இவற்றுக்கெல்லாம் முன்னால் வரவேண்டியது அக்டோபர் கடைசியில் வருகிற பேய்ப் பண்டிகை. அதை மட்டும் ஆண்டி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். "கஷ்டப் பாடம் கடைசியில" என்றாள்.

அதற்குள் எனக்குப் புதுப்பல்லின் முனை தட்டுப்பட்டது. ஆண்டிதான் முதலில் கண்டுபிடித்தாள். வாய்க்குள் விரலைவிட்டு அந்த முனையை அமுக்கினாள். விரல் உப்புக் கரித்தது.

"இப்ப வரப்பிடாது" என்றாள், என்னிடம் இல்லை, பல்லிடம். "இன்னும் ரெண்டு வாரம் கழிஞ்சு வந்தா போதும்."

நான் நாக்கால் அதை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தேன். ஆண்டியை ஏமாற்றக்கூடாது என்று அவ்வளவு அக்கறை எனக்கு.

கடைசிப் பாடத்துக்கு ஆண்டி காட்டாக்கடைச் சந்தையிலிருந்து ஒரு பெரிய மத்தங்காய் வாங்கிவந்தாள். மேலே மூடி வெட்டி, விதையும் நாருமாகக் கைவிட்டு வழித்தெடுத்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து எதிரே வைத்தாள். படிக்கட்டில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, மடியில் முகம் வெட்டிய மத்தங்காய். குழந்தைக்கு முன்பல் இல்லை. மத்தங்காய்க்கும் அதே இடத்தில் பல் இல்லை. ஆண்டி கத்தியை வைத்துக்கொண்டு போட்டோவைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், வெட்டினாள். கம்பளி போட்ட இருட்டில் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றியபோது என் முகம் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தது.

மற்ற இரண்டு பெண்களும் கைதட்டினார்கள். சித்தி தட்டவில்லை.

"நம்ம ஊர்ல புது வீட்டுக்குக் கண்ணேறு படாம இருக்கத்தான் மூஞ்சி வரைஞ்சு வைப்பாவ. பொறவு அத முக்குல கொண்டுபோய் உடைக்கணும். இத எப்ப ஆண்டி உடைக்கது?"

"உடைக்கப்பிடாது." ஆண்டியின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "அங்க உடைக்கமாட்டாவ. அது தானா அழுகிப் போறது வர வாசல்ல இருக்கும். இதுதான் உங்களுக்குப் பரீட்சை. ஏழு நாளு இது இஞ்ச இருக்கும். தொட்டவளுக்கு நான் லெட்டர் எழுத மாட்டேன்."

மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது.

சும்மா வந்த காய்ச்சல்தான். அம்மா மாத்திரை கொடுத்தாள். லீவு போட முடியாது, ஆண்டி வீட்டில் கட்டில் இருக்கிறது, கவனிக்க ஆளிருக்கிறது என்று அங்கேயே அனுப்பினாள். ஆண்டிக்கு அது வசதியாகப் போயிற்று. "கொள்ளாம், காய்ச்சலும் படிச்சிரலாம்" என்று தெர்மாமீட்டரை உதறினாள். கட்டிலில் கிடந்தால் திறந்த கதவு வழியே வாசற்படி தெரியும். மத்தங்காய் உள்ளே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. நாலாம் நாள் அதன் கன்னம் இரண்டும் உள்வாங்கியது. வாய்க்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சை முளைத்தது. ஒரு கண் வழியாக எறும்பு நுழைந்து மறு கண் வழியாக வெளியே வந்தது. அதன் இனிப்பு வாடை அறைக்குள் வந்து படுத்துக்கொண்டது. காய்ச்சல் ஏற ஏற நான் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதுவும் நோயில் கிடப்பதாகவே எனக்குப் பட்டது.

அன்று சித்தி ஆண்டியிடம் கெஞ்சுவது கேட்டது.

"ஆண்டி, பிள்ளைக்க மூஞ்சியாக்கும் அது. அங்க அது அழுகுது, இஞ்ச இவ கிடந்து துடிக்கா. பாக்க முடியல்ல. மாத்தி வச்சிரலாம்."

ஆண்டி தரையில் உட்கார்ந்தாள் போலிருக்கிறது, குரல் தாழ்விலிருந்து வந்தது.

"நாலு வருஷம் இருந்தேன்னு ஊர்ல சொல்லுகாவ இல்லா? நாலு மாசமாக்கும். நானும் இத மாதிரிதான் நெனச்சேன். நாங்க சர்ச்சு சபைக்காரங்க, கண்ணேறு ஒண்ணும் நம்பப்பிடாது. எல்லாம் தெரியும். ஆனா அந்தப் பிள்ளைக்க மூஞ்சியவே வெட்டி, தலைக்குள்ள தீய வச்சு, ரோட்டப் பாத்து இருத்தியிருக்காவ. போறவன் வாறவன் எல்லாம் பாத்துச் சிரிக்கான். எனக்கு நெஞ்சு பொறுக்கல்ல. பிள்ளை உறங்கிட்டுன்னு நெனச்சேன். அத எடுத்து அவளுக்க தலைய மூணு சுத்து சுத்தி, ரோட்டு முக்குல போட்டு உடைச்சேன். திரும்பினா சன்னல்ல நிக்கா. 'எனக்க மூஞ்சிய எதுக்கு உடைச்சே'ன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? அதுக்குப் பொறவு நான் கிட்ட போனா ரெண்டு கையையும் வச்சு மூஞ்சிய மூடிக்கிடுவா. திருப்பி அனுப்பிட்டாவ. நீ தொடாத மக்கா. உன்னக் கும்பிடுதேன், தொடாத."

ஐந்தாம் நாள் சாயங்காலம் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

காரணம் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் சித்தி எனக்கு நெற்றியில் துணி போட்டுக்கொண்டே, "உனக்குச் சரியாவாம நான் எஞ்சயும் போகமாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். அப்படியென்றால் எனக்குச் சரியாகக் கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு. ஆறாம் நாள் ஆண்டி தெர்மாமீட்டரை வாயில் வைத்துவிட்டு நகர்ந்ததும் அதைச் சூடான கட்டன்சாயா தம்ளரில் லேசாகத் தொட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டேன். முனகினேன். இடது சாக்ஸைக் கழற்றிப் போட்டேன். நன்றாகவே நடித்தேன். ஒன்றரை மாசம் எனக்கும்தானே பயிற்சி நடந்தது.

மத்தியானம் ராத்திரி ஆயிற்று. சித்தியின் முறை. அவள் கதை வாசிக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணைத் திறந்து உத்திரத்தைப் பார்த்தபடி கிடந்தேன். காகம் கத்தியது. தோட்டத்தில் பலாப்பழம் ஒன்று விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து சித்தி அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளை திரும்புகிற மாதிரி மெதுவாகத் திரும்பினேன்.

சித்தி எழுந்தாள். நேராக வாசலுக்குப் போய் மத்தங்காயை இரண்டு கையாலும் அள்ளினாள். அது பாதி அவள் விரலிடுக்கில் வழிந்தது. கட்டிலுக்குக் கொண்டுவந்து என் தலையை மூன்று முறை சுற்றினாள். அதன் தண்ணீர் என் கழுத்தில் சொட்டியது. பிறகு ஓடினாள். நான் எழுந்து கம்பளியை விலக்கினேன். வெளியே கண் கூசும் வெயில். தோட்டத்துப் பாதை ரோட்டில் சேருகிற முக்கில் சித்தி அதைத் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி அடித்தாள். உடைகிற சத்தம்கூட வரவில்லை, அவ்வளவு அழுகியிருந்தது.

திரும்பினேன். ஆண்டி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்றாள். "சன்னல் வழியா பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

"பேடிச்சியா மோளே?"

இல்லை என்றேன். உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சித்தி இனிப் போகமாட்டாள். ஆண்டி தரையில் உட்கார்ந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெரியவர்கள் அப்படி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்குப் பேடி வந்தது.

சொன்ன சொல்லை ஆண்டி மாற்றவில்லை. மற்ற இரண்டு பெண்களுக்கும் கடிதம் போயிற்று, ஜூன் மழையில் அவர்கள் கிளம்பினார்கள். சித்திக்குப் போகவில்லை. ஒரு மத்தங்காய்க்காக அமெரிக்காவைத் தொலைத்தவள் என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் வைத்துச் சிரித்தார்கள். பிள்ளையைக் காப்பாற்றியவள் என்று அம்மா சாகும்வரை சொன்னாள். சித்தி இரண்டுக்கும் பதில் சொன்னதில்லை. காட்டாக்கடையில் ஒரு சொசைட்டியில் வேலை கிடைத்தது, அங்கேயே கல்யாணமாகி அங்கேயே இருந்துவிட்டாள். ஆண்டி அதன் பிறகு யாருக்கும் வகுப்பெடுக்கவில்லை.

போன மாதம் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள், நாங்கள் இரண்டு பேர்தான். டிவியில் விமானம் ஒன்று இறங்குவதைக் காட்டினார்கள். சித்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். காய்ச்சல் நீ மத்தங்காயை உடைத்ததற்கு முந்தின நாளே விட்டுப்போயிற்று, உன் வாழ்க்கையைக் கெடுத்தது நான்தான், என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

சித்தி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"காய்ச்சல் இல்லன்னு எனக்குத் தெரியும் மக்கா. உனக்க கழுத்தத் தொட்டுப் பாத்தேன் இல்லா? சில்லுன்னு இருந்துது."

"பொறவு எதுக்கு சித்தி உடைச்சே?"

"உனக்க பேரச் சொல்லி விளிச்சேன். ஆண்டி கேட்டாலும் கேக்கட்டும்னு உரக்கத்தான் விளிச்சேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. காதுக்குள்ள வாய வச்சு விளிச்சேன். நீ கண்ணத் தொறந்து மேலயே பாத்துட்டுக் கிடந்தே. வேற யாரயோ விளிக்கது மாதிரி. பொறவு அந்தப் பிள்ளைக்க பேர ஒரு தடவ சொன்னேன். உடனே திரும்பினே." சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பப் பேடிச்சதாக்கும் நான். அமெரிக்காவுமாச்சு, லெட்டருமாச்சு."

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த மத்தியானத்தை ஆரம்பத்திலிருந்து நினைத்துப் பார்த்தேன். பலமுறை பார்த்துவிட்டேன். காகம் கத்தியது ஞாபகம் இருக்கிறது. பலாப்பழம் விழுந்தது ஞாபகம் இருக்கிறது. அந்தக் குழந்தையின் பெயரைச் சித்தி சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆறாம் நாள் மத்தியானம் நான் ஒரு நொடிகூடத் தூங்கவில்லை. சித்தி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே இல்லை.